பெயர் கிடைத்த மொழி: வட நார்வேயின் க்வேன்

நார்வேயின் வடகோடியில் பொர்சாங்கர் என்றொரு நகராட்சி இருக்கிறது. ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி இன்னும் வெகுதூரம் வடக்கே போக வேண்டும். நிலத்துக்குள் நீளமாக நுழைந்து கிடக்கும் கடல், அதன் கரையோரம் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள், அவ்வளவுதான். இந்த இடத்துக்கு அதிகாரப்பூர்வமாக 3 பெயர்கள். நார்வேஜிய மொழியில் பொர்சாங்கர். வடக்கின் பழங்குடியான சாமி மக்களின் மொழியில் பொர்சாங்கு. க்வேன் மொழியில் பொர்சாங்கி. சாலையோரப் பலகையில் மூன்றையும் பார்க்கலாம். காரில் வேகமாகக் கடந்து போகிறவருக்கு ஒரே பெயரை மூன்று தடவை எழுதிவிட்டார்களோ என்றுகூடத் தோன்றும்.

கடைசி ஓசையில் மட்டும் மாறும் அந்த மூன்றாவது பெயருக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அந்த மொழியைப் பேசியவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதைப் பேசக் கூடாது என்று சொன்னதும் நார்வே அரசுதான். இன்று அதற்குப் பலகையில் இடம் கொடுத்திருப்பதும் அதே அரசுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். க்வேன் மொழிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அந்தப் பெயரோடு சேர்ந்து அரசின் தோளில் ஏற வேண்டிய கடமைகள்தான் சரியாக ஏறவில்லை. எப்படி என்று பார்ப்போம்.

எந்த வீட்டுப் பிள்ளை?

க்வேன் மொழிக்கும் நார்வேஜிய மொழிக்கும் உறவே கிடையாது. நார்வேஜியம் ஆங்கிலம், ஜெர்மன், ஸ்வீடிஷ் ஆகியவற்றோடு சேர்ந்த குடும்பம். க்வேன் பின்னிஷ், எஸ்டோனியன் மொழிகளோடு சேர்ந்தது. சாமி மொழிகளும் ஹங்கேரியனும் தூரத்துச் சொந்தம். பின்னிஷ் பேசுகிறவருக்கு க்வேன் பெரும்பாலும் புரியும். ஸ்வீடனின் வடகிழக்கில், டோர்னியோ ஆற்றங்கரையில் பேசப்படும் மெயான்கியெலி என்ற மொழி இதற்கு இன்னும் நெருக்கம். இரண்டையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னால் தப்பில்லை.

அப்படியானால் இது பின்னிஷ் மொழியின் வட்டார வழக்குதானே என்று கேட்கலாம். பல பத்தாண்டுகள் எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள். பதிலுக்கு முன் இரண்டே இரண்டு சொற்களைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சவுனா எல்லோருக்கும் தெரியும். நீராவிக் குளியலறை. "சவுனாவுக்குள்" என்று சொல்ல வேண்டுமானால் பின்னிஷ் எழுத்து மொழியில் "சவுனான்" என்பார்கள். க்வேன்காரர் "சவுன்ஹான்" என்பார். நடுவில் ஒரு ஹகரம் மூச்சுபோல வந்து உட்காருகிறது. அது பிற்காலத்தில் சேர்த்துக்கொண்ட ஓசை கிடையாது. பழைய பின்னிஷ் மொழியில் இருந்ததுதான். தெற்கே தேய்ந்து போய்விட்டது, வடக்கே இடம் மாறித் தங்கிவிட்டது. வட பின்லாந்தின் கிராமத்துப் பேச்சிலும் இதே ஹகரத்தைக் கேட்கலாம்.

இன்னொரு சொல் "நம்முடைய". பின்லாந்துப் பள்ளிக்கூடத்தில் "மெய்டான்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஸ்வீடன் பக்கம் "மெயான்" என்று அது சுருங்கிவிட்டது. அந்த மொழியின் பெயரான மெயான்கியெலிக்கே "நம்ம மொழி" என்றுதான் பொருள். க்வேன்காரர் சொல்வதோ "மெய்தான்". இங்கே வரும் தகரம் அழுத்தமான தகரம் அல்ல. "அது, இது" என்று நாம் சாதாரணமாகப் பேசும்போது நாக்கு பல்லில் பட்டும் படாமலும் உரசுமே, அதே ஓசை. ஆங்கிலம் பேசும் பலருக்கு வரும் ஓசைதான், ஆனால் பின்னிஷ் மொழியில் ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது. க்வேன் மொழிக்கு எழுத்து முறை வகுத்தவர்கள் இதை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், குறுக்கே ஒரு கோடு போட்ட தனி எழுத்தை இதற்காக வைத்திருக்கிறார்கள். ஒரு மொழியின் நெடுங்கணக்கில் தங்கள் பாட்டியின் உச்சரிப்புக்கு ஓர் எழுத்தை ஒதுக்கி வைப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இதற்கு மேல் 200, 300 ஆண்டுகளாக நார்வேஜியர்களோடும் சாமி மக்களோடும் கலந்து வாழ்ந்ததால் வந்த சொற்கள் நிறைய. மீன்பிடி, படகு, பள்ளிக்கூடம், அரசாங்கம் என்று எந்த விஷயத்துக்கு எந்த அண்டைவீட்டார் தேவைப்பட்டார்களோ அவர்களிடமிருந்து சொல்லும் வந்தது. பின்லாந்தில் 19ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் உட்கார்ந்து ஸ்வீடிஷ் சொற்களைக் களைந்து புதுச் சொற்களைப் படைத்தார்கள். அந்தச் சொற்கள் க்வேன் ஊர்களுக்கு வரவே இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் மொழி ஒரு வழியில் போனது, இந்தப் பக்கம் வேறு வழியில் போனது.

வந்தவர்களா, இருந்தவர்களா?

க்வேன் என்ற பெயர் மிகப் பழையது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட நார்வேயைச் சேர்ந்த ஓட்டார் என்ற கடலோடி இங்கிலாந்து மன்னர் ஆல்பிரெட்டின் அவைக்குப் போய்த் தன் ஊர்க் கதைகளைச் சொன்னார். அதில் க்வேன்கள் வருகிறார்கள்: சின்னஞ்சிறு இலேசான படகுகளைத் தோளில் சுமந்து மலை தாண்டி ஏரிகளுக்குக் கொண்டுவந்து அங்கிருந்து நார்வேஜியர்களைத் தாக்குகிறவர்கள் என்று. அந்த க்வேன்களும் இன்றைய க்வேன் மக்களும் நேர்ச் சந்ததியா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. 16ஆம் நூற்றாண்டு வரிப் பதிவேடுகளில் இந்தப் பெயர் இருக்கிறது.

இன்றைய க்வேன் குடும்பங்களில் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் டோர்னியோ ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்தும் வட பின்லாந்திலிருந்தும் வந்தவை. வந்த காரணம் எளிமையானது. உள்நாட்டில் நிலம் போதவில்லை, பஞ்சம் வந்தது; கடற்கரையில் மீன் இருந்தது. ஆல்ட்டாவுக்குப் பக்கத்தில் கோபியோர்டில் 1826இல் ஆங்கிலேயர்கள் செம்புச் சுரங்கம் தொடங்கியதும் அங்கே வேலையும் கிடைத்தது. 1860களில் பின்லாந்தில் பெரும்பஞ்சம் வந்தபோது கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வந்த இடத்தை ரூயா என்று அழைத்தார்கள். பஞ்சத்தில் வாடிய ஒருவருக்கு அந்த ரூயா என்ற பெயர் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம்: உறையாத கடல், அள்ள அள்ள மீன்.

1875ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நார்வேயின் வடகோடி மாவட்டமான பின்மார்க்கில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் க்வேன்கள். கிழக்கே வாட்சோ நகரத்தில் பாதிக்கும் மேல். வாட்சோ என்ற பெயருக்குப் பழைய நார்வேஜியத்தில் "நீர்த்தீவு" என்று பொருள். க்வேன் மக்கள் அதை அப்படியே தங்கள் மொழியில் மாற்றி வெசிசாரி என்றார்கள். வெசி என்றால் நீர், சாரி என்றால் தீவு. அந்த ஊரில் 1977இல் குடிபெயர்ந்தோர் நினைவுச் சின்னம் ஒன்றைத் திறந்து வைத்தார்கள். நார்வே மன்னர், ஸ்வீடன் மன்னர், பின்லாந்து குடியரசுத் தலைவர் மூவரும் வந்திருந்தார்கள். மரியாதைதான், சந்தேகமில்லை. ஆனால் "குடிபெயர்ந்தோர்" என்ற அந்த ஒரு சொல் இன்றுவரை பலருக்கு உறுத்துகிறது. எல்லைகள் இறுக்கமாகாத காலத்தில், ஒரே ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து கடலுக்குப் போனவர்களை எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்பது?

பள்ளிக்கூடத்தில் தொடங்கியது

இந்தக் கதையின் கனமான பகுதி இதுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நார்வே அரசு, வடக்கில் இருக்கும் சாமி மக்களையும் க்வேன் மக்களையும் நார்வேஜியர்களாக மாற்றுவதைக் கொள்கையாகவே வைத்துக்கொண்டது. 1851இல் நாடாளுமன்றம் இதற்காகத் தனி நிதி ஒதுக்கத் தொடங்கியது. அந்த நிதியிலிருந்து, பிள்ளைகளுக்கு நார்வேஜியத்தை நன்றாகப் பழக்கிய ஆசிரியர்களுக்குக் கூடுதல் ஊதியமும் போனது. 1880இல் வந்த உத்தரவு பள்ளியின் மொழி நார்வேஜியம்தான் என்றது; சாமியும் க்வேனும் புரியவைக்கத் துணையாக மட்டும் வரலாம். 1898இல் அந்தத் துணையையும் தவிர்க்கவே முடியாத இடத்துக்கு மட்டும் என்று இறுக்கினார்கள். 1936இல் க்வேன் மாணவர்களுக்கு அந்தத் துணை மொழி உரிமையும் எடுக்கப்பட்டது.

1902இல் வந்த நிலச் சட்டம் இதைவிடக் கொடுமையானது என்பேன். பின்மார்க்கில் அரசு நிலத்தை வாங்க வேண்டுமானால் நார்வே குடிமகனாக இருக்க வேண்டும், நார்வேஜியம் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும், அதை அன்றாடம் பயன்படுத்தவும் வேண்டும். மொழியையும் சோற்றையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டார்கள். பள்ளியில் ஆசிரியர் மிரட்டினால் வீட்டில் வந்து அம்மாவின் மொழியில் அழலாம். நிலம் வேண்டும் என்றால் வீட்டுக்குள்ளும் மொழியை மாற்ற வேண்டும். இந்தச் சட்டம் 1965 வரை ஏட்டில் இருந்தது.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? பயம்தான் பெரிய காரணம். பின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசின் பகுதி. எல்லையோரத்தில் பின்னிஷ் பேசும் மக்கள் கூட்டமாக இருந்தால் நாளை அந்த மண்ணையே கேட்டுவிடுவார்களோ என்று தலைநகரத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். 1917இல் பின்லாந்து தனிநாடானதும் பயம் கூடியது. 1920இல் பெட்சாமோ பகுதி பின்லாந்துக்குக் கிடைத்து, ஆர்க்டிக் கடல்வரை அதன் எல்லை வந்துவிட்டது. "பின்னிஷ் அபாயம்" என்று பேச ஆரம்பித்தார்கள். மீன் பிடித்துக்கொண்டும் மாடு வளர்த்துக்கொண்டும் இருந்த ஜனங்கள் ஒரு ராணுவக் கணக்கின் எண்களாக மாறிப்போனார்கள். எல்லைப்புறத்தில் உண்டுறைப் பள்ளிகள் கட்டப்பட்டன. 7, 8 வயதுப் பிள்ளைகள் வீட்டை விட்டு அங்கே போய்த் தங்கினார்கள். முதல் நாளே ஒரு சொல்கூடப் புரியாத மொழியில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு மத்தியில் மொழிக்கு ஓர் அடைக்கலம் இருந்தது: ஜெபக் கூட்டம். 1840களில் லார்ஸ் லேவி லெஸ்தாடியஸ் என்ற பாதிரியார் தொடங்கிய சமய இயக்கம் வடக்கு முழுவதும் பரவியது. அதன் பிரசங்க மொழிகளில் பின்னிஷ் முக்கியமானது. சாமி மக்களிலும் பலர் அதைப் புனித மொழியாகவே மதித்தார்கள். ஆகவே பள்ளிக்கூடத்தில் அவமானமாக இருந்த மொழி ஞாயிற்றுக்கிழமை கடவுளின் மொழியாக இருந்தது. பின்மார்க்கின் முதியவர்கள் பலர் எழுத்துக் கூட்டிப் பின்னிஷ் படிக்கக் கற்றதே வேதப் புத்தகத்தை வைத்துத்தான்.

1944 இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை பின்மார்க்கையும் பக்கத்து மாவட்டமான துரோம்ஸின் வடபகுதியையும் கொளுத்திவிட்டுப் போனது. மக்கள் வலுக்கட்டாயமாகத் தெற்கே அனுப்பப்பட்டார்கள். திரும்பி வந்தபோது வீடில்லை, ஜெபக்கூடம் இல்லை, பழைய ஊரின் வடிவமே இல்லை. புதிதாகக் கட்டப்பட்ட வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த நார்வேஜிய வீடுகள். அந்தப் புது வீடுகளில்தான் மொழிச் சங்கிலி அறுந்தது. அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் க்வேன் பேசுவார்கள். பாட்டியிடம் க்வேன் பேசுவார்கள். பிள்ளை பக்கம் திரும்பினால் நார்வேஜியம். தாங்கள் பட்ட பாடு பிள்ளை படக் கூடாது என்ற அன்புதான் அது. பிள்ளைகளுக்கு மொழி காதில் விழுந்தது, வாயில் வரவில்லை. பெரியவர்கள் ரகசியம் பேசும் மொழி என்றுதான் பலருக்கு அது நினைவில் இருக்கிறது.

வழக்கா, மொழியா?

1970களில் காற்று கொஞ்சம் திரும்பியது. பள்ளிகளில் பின்னிஷ் பாடம் மெல்ல நுழைந்தது. ஆனால் அது ஹெல்சிங்கியிலிருந்து வந்த எழுத்து மொழி. பேரன் பள்ளியில் கற்றதை வீட்டில் பாட்டியிடம் சொல்லிக் காட்டினான். நல்ல பின்னிஷ் அதுதான், தான் பேசுவது ஓட்டை உடைசல் என்று பாட்டி ஒதுங்கிக்கொண்டாள். முன்பு நார்வேஜியத்துக்கு முன்னால் கூசியவள் இப்போது பின்னிஷ் மொழிக்கு முன்னாலும் கூசினாள். க்வேன் தனி மொழியாக அறிவிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இலக்கணப் புத்தகத்தில் வித்தியாசங்களை எண்ணிக் காட்டுவது பிறகு வந்த வேலை. பாட்டி பேசுவது தப்பில்லை என்று சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது.

1987இல் நார்வே க்வேன் சங்கம் தொடங்கியது. 1990இல் இடப்பெயர்ச் சட்டம் வந்து, இந்த மக்கள் வைத்த ஊர்ப் பெயர்களுக்கும் பலகையிலும் வரைபடத்திலும் இடம் உண்டு என்றது. 1998இல் க்வேன்கள் தேசியச் சிறுபான்மையினர் ஆனார்கள். யூதர்கள், நாடோடி மரபில் வந்த ரோமா, ரோமானி மக்கள், பின்லாந்திலிருந்து வந்து காட்டுப் பகுதிகளில் குடியேறியவர்களின் வம்சமான வன பின்கள் ஆகியோரும் அதே பட்டியலில். அப்புறம் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் கென்னத் ஹில்டன்ஸ்டாம், தொம்மாசோ மிலானி என்ற இரு ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2003இல் அறிக்கை தந்தார்கள். க்வேன் தனி மொழியாகக் கருதத் தக்கதே என்பது அவர்கள் முடிவு. 2005இல் நார்வே அரசு அதை ஏற்றது.

எல்லோருக்கும் இதில் மகிழ்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. கிழக்கே வாரங்கர் பகுதியில் பேச்சு பின்னிஷ் மொழிக்கு மிக நெருக்கம். அங்கே பலர் "நாங்கள் பேசுவது பின்னிஷ், எங்களை நார்வே பின்கள் என்று சொல்லுங்கள்" என்கிறார்கள். க்வேன் என்பது ஒருகாலத்தில் இழிசொல்லாக இருந்ததும் அவர்களுக்கு மறக்கவில்லை. பெரிய மொழி ஒன்றின் பகுதியாக இருந்தால் புத்தகமும் தொலைக்காட்சியும் ஆசிரியரும் சும்மா கிடைக்கும், சில ஆயிரம் பேர் தனியாகப் பிரிந்து போய் என்ன செய்வது என்பது அவர்கள் வாதம். அது லேசான வாதம் அல்ல. ஆனால் அந்த வழி 30 ஆண்டுகள் முயன்று பார்க்கப்பட்ட வழி. பள்ளியில் பின்னிஷ் இருந்தது, வீட்டில் க்வேன் செத்துக்கொண்டிருந்தது. ஒன்று இன்னொன்றைத் தூக்கி நிறுத்தவில்லை. அதனால் நான் 2005 முடிவின் பக்கம்தான்.

இரண்டாம் பகுதி, மூன்றாம் பகுதி

இப்போது அந்தப் பெயரோடு வந்த கடமைகளுக்கு வருவோம். ஐரோப்பிய கவுன்சிலின் பிராந்திய, சிறுபான்மை மொழிகள் சாசனம் என்று ஒன்று உண்டு. 1993இல் அதை முதலில் ஏற்ற நாடு நார்வேதான். அந்தச் சாசனத்தில் ஒரு மொழியை இரண்டு அளவில் காக்கலாம். இரண்டாம் பகுதி பொதுவான கொள்கைகள்: மொழியை மதிப்போம், ஊக்குவிப்போம், கற்பிக்க வழி செய்வோம். மூன்றாம் பகுதி வேறு மாதிரி. கல்வி, நீதிமன்றம், அரசு அலுவலகம், ஊடகம், பண்பாடு என்று துறைவாரியாகப் பட்டியல் இருக்கும். அதில் குறைந்தது 35 விதிகளையாவது தேர்ந்தெடுத்து, இவற்றைச் செய்வேன் என்று நாடு கையெழுத்துப் போட வேண்டும். பிறகு நிபுணர் குழு ஒவ்வொரு விதியாக எடுத்துச் செய்தாயா என்று கேட்கும்.

சாமி மொழிக்கு நார்வே மூன்றாம் பகுதியைக் கொடுத்தது. 2005இல் க்வேன் மொழிக்குக் கிடைத்தது இரண்டாம் பகுதி மட்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்வீடன் 2000ஆம் ஆண்டிலேயே மெயான்கியெலிக்கு மூன்றாம் பகுதியைத் தந்துவிட்டது. பாஜலா, ஹபரண்டா போன்ற ஊர்களில் அரசு அலுவலகத்துக்கு அந்த மொழியில் போகலாம். ஏறக்குறைய ஒரே மொழி, ஒரே ஆற்றங்கரை வம்சம், நாட்டைப் பொறுத்து உரிமை மாறுகிறது. ஸ்வீடனிலும் மெயான்கியெலி சுகமாக இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் அங்கே செய்யாவிட்டால் ஏன் செய்யவில்லை என்று கேட்க ஒரு வரி இருக்கிறது.

க்வேன் அமைப்புகள் ஆண்டுக்கணக்காக இதைக் கேட்டுவந்திருக்கின்றன. எதிர்ப்பக்கம் சொல்லப்படும் காரணம் இது: பேசத் தெரிந்த அலுவலர் இல்லை, ஆசிரியர் இல்லை, ஆகவே வாக்குக் கொடுத்தாலும் நிறைவேற்ற முடியாது. எனக்கு இந்தக் காரணம் தலைகீழாகத் தெரிகிறது. ஆசிரியர்கள் இல்லாமல் போனது இயற்கைச் சீற்றத்தால் அல்ல. 100 ஆண்டுகள் திட்டம் போட்டு, பணம் ஒதுக்கி, ஊதியம் கூட்டிக் கொடுத்து இல்லாமல் ஆக்கப்பட்டார்கள். இல்லாமல் ஆக்கியவரே இல்லையே என்று சொல்லிக் கைவிரிப்பதை ஏற்க முடியாது. கடமை முதலில் வந்தால்தான் ஆசிரியருக்கு வேலை உருவாகும், வேலை இருந்தால்தான் இளையவர் படிக்க வருவார்.

2022இல் நடைமுறைக்கு வந்த மொழிச் சட்டம் க்வேன், ரோமானி, ரோமா மக்களின் மொழியான ரோமானெஸ் மூன்றையும் பெயர் சொல்லித் தேசியச் சிறுபான்மை மொழிகள் என்கிறது. அவற்றைக் காக்கவும் வளர்க்கவும் அரசு அமைப்புகளுக்குப் பொறுப்பு உண்டு என்றும் சொல்கிறது. நல்லது. ஆனால் எவ்வளவு, யார், எப்போது என்ற கேள்விகளுக்கு அந்த வரியில் பதில் கிடைக்காது.

வேலை செய்கிறவர்கள்

சட்டம் எப்படியிருந்தாலும் சிலர் காத்திருக்கவில்லை. பொர்சாங்கரில் பியூஸ்ஸியோக்கி என்றொரு சின்னக் கிராமம், நார்வேஜியத்தில் பெர்செல்வ். பியூஸ்ஸி என்றால் துப்பாக்கி, யோக்கி என்றால் ஆறு. அந்தக் கிராமத்துக்காரர் ஆல்ப் நில்சன்-பெர்ஸ்கூக், 1928இல் பிறந்தவர். 2004இல், மொழிக்கு அங்கீகாரம் கிடைப்பதற்கு முந்தின ஆண்டு, க்வேன் மொழியின் முதல் நாவலை வெளியிட்டார். அகராதி இல்லை, அச்சான இலக்கணம் இல்லை, வாசிக்கக் கற்ற வாசகர் கூட்டமும் இல்லை. காதில் இருந்த மொழியை மட்டும் நம்பி, 70 வயதைத் தாண்டி ஒருவர் நாவல் எழுதியிருக்கிறார். அதன் பிறகும் எழுதினார்; 2014இல் மறைந்தார். பிற்காலத்தில் எழுத்து முறையை நிலைப்படுத்த உட்கார்ந்தவர்களுக்கு எடுத்துப் பார்க்க அவருடைய பக்கங்கள் இருந்தன.

அதே கிராமத்தில்தான் க்வேன் நிறுவனம் இருக்கிறது. தலைநகரத்தில் இல்லை, பல்கலைக்கழக நகரத்தில் இல்லை, மொழி மிச்சமிருந்த கிராமத்தில். 2007இல் மொழிக் குழு அமைந்தது. எந்த ஊர்ப் பேச்சைத் தரமாக எடுப்பது என்பது சிக்கலான கேள்வி. பொர்சாங்கர் பேச்சு பெரும்பாலும் அடிப்படையாக அமைந்தாலும் மற்ற ஊர் வடிவங்களையும் தப்பென்று தள்ளாமல் இடம் விட்டிருக்கிறார்கள். ஒருமுறை பாட்டியைக் கூசவைத்தது போதும் என்று எண்ணியிருப்பார்கள். எய்ரா செடர்ஹோல்ம் எழுதிய இலக்கணம் 2014இல் வந்தது, க்வேன் மொழியைப் பற்றி க்வேன் மொழியிலேயே. துரோம்சோ பல்கலைக்கழகத்தில் பாடம் இருக்கிறது. அங்கேயே கணினிக்கான அகராதியும் எழுத்துப்பிழை திருத்தியும் உருவாகியிருக்கின்றன. 1995இலிருந்து ரூயான் காய்க்கு என்ற செய்தித்தாள் நார்வேஜியம், பின்னிஷ், க்வேன் மூன்றிலும் வருகிறது.

குழந்தைகளுக்கு மொழிக்கூடு என்ற முறை. பறவைக் கூட்டைச் சொல்லும் அதே கூடுதான். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் தொடங்கியது. மழலையர் பள்ளியில் பெரியவர்கள் அந்த மொழியில் மட்டுமே பேசுவார்கள். பாடம் நடத்துவதில்லை. சூப் ஊற்றும்போதும் காலுறை மாட்டிவிடும்போதும் அதே மொழி. பாட்டி செய்யாமல் விட்டதைக் கூலி கொடுத்து ஒருவரைச் செய்யச் சொல்வது என்று வைத்துக்கொள்ளலாம். சரி, ஆனால் அந்த ஒருவர் கிடைக்க வேண்டுமே. மொழி தெரிந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் 60 வயதைத் தாண்டியவர்கள். பனியில் 3 வயதுக் குழந்தைகளின் பின்னால் ஓட அவர்களால் முடியாது.

எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. இப்போது நார்வே அப்படிக் கணக்கெடுப்பதில்லை. சில ஆயிரம் என்ற மதிப்பீடுகள்தான் இருக்கின்றன, அவையும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. காதில் விழுந்து புரிந்துகொள்கிறவரையும் சேர்த்தால் எண் ஏறும், தினமும் பேசுகிறவரை மட்டும் எண்ணினால் சட்டென்று இறங்கும்.

இதே கடற்கரைக்கு நம்மவர்களும் போயிருக்கிறார்கள். 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் பின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். வார்டோ, போட்ஸ்பியோர்ட், ஹாமர்பெஸ்ட் போன்ற ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பிள்ளை நார்வேஜியத்தில் பதில் சொல்லும் வீட்டை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் பெரியது. அந்தப் பிள்ளை தமிழை விட்டாலும் தமிழ் வேறு இடங்களில் இருக்கும், விடுமுறைக்குப் போய்க் கேட்கலாம். க்வேன் குழந்தைக்குப் போய்க் கேட்க வேறு ஊர் கிடையாது.

2018இல் நார்வே நாடாளுமன்றம் உண்மை, நல்லிணக்க ஆணையம் ஒன்றை அமைத்தது. முன்னாள் அமைச்சர் தாக்பின் ஹெய்பிரோத்தன் தலைமை. 2023 ஜூன் 1 அன்று அது அறிக்கை கொடுத்தது, 700 பக்கங்களுக்கும் மேல். 2024 நவம்பர் 12 அன்று நாடாளுமன்றம் சாமி, க்வேன், வன பின் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. பலர் கண்கலங்கினார்கள், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. உண்டுறைப் பள்ளியில் படுத்தழுத பிள்ளைகளில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் அதைத் தங்கள் காதால் கேட்டார்கள்.

பள்ளிப் பாடத்துக்கு வந்தால், கல்விச் சட்டம் சொல்வது இது. துரோம்ஸ், பின்மார்க் மாவட்டங்களில் க்வேன், பின்னிஷ் வம்சத்துப் பிள்ளைகள் க்வேன் அல்லது பின்னிஷ் படிக்கக் கேட்கலாம். குறைந்தது 3 மாணவர்கள் கேட்டால் அது உரிமை. ஓஸ்லோவுக்குக் குடிபோன க்வேன் குடும்பத்துக்கு அந்த உரிமை இல்லை, எத்தனை பிள்ளைகள் இருந்தாலும். வடக்கில் ஒரு கடற்கரைக் கிராமத்துப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டிலிருந்து அக்காவும் தம்பியும் படிக்கிறார்கள், அப்பா அம்மா இருவருக்கும் ஆசை இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: ஊருக்குள் போய், மூன்றாவது பிள்ளை யார் வீட்டில் இருக்கிறது என்று தேடுவது.